தழை கேட்கும் அக்கா

"தூக்கி வெளியதான போடப்போற? அத என் பையில போடு. உனக்கும் ஒரு நடை மிச்சம்."

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் காலிஃபிளவர் விற்பவரிடம் எங்கள் ஹவுஸ் ஓனர் அக்கா முதன்முதலாக இப்படிக் கேட்டபோது நான் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டேன். தேவையே இல்லாத புடலங்காயைக் கையில் எடுத்து விலை விசாரித்தேன். அவருடன் வந்தவள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான். அவர் விடவில்லை. கூட்டத்துக்கு மேலாகக் குரல் வந்தது.

"இன்னாமா அங்க போய் நின்னுகினு கீற? உங்க வூட்டு எலிக்குத்தானே கேக்கறேன். வந்து பைய புடி."

நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். புடலங்காயை வைத்துவிட்டுப் போய்ப் பையைப் பிடித்தேன். நான் பாடம் நடத்தும் கல்லூரியின் மாணவிகள் யாராவது அந்தச் சந்தில் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் ஒரே பிரார்த்தனை.

அக்காவிடம் பணம் இல்லாமல் இல்லை. பழைய பெருங்களத்தூரில் அவருடைய மாமனாரின் வயல் இருந்த இடத்தில்தான் எங்கள் தெருவே இருக்கிறது. வயல் மனைகளாகி, மனைகளில் வீடுகள் எழும்பி, அவற்றில் சிலவற்றுக்கு இன்றும் வாடகை இவர்களுக்கு வருகிறது. கழுத்தில் கனமான சங்கிலி, கை நிறைய வளையல். காலிஃபிளவரைப் பேரம் பேசாமல் வாங்குவார். தழையை மட்டும் சும்மா கேட்பார். காலிஃபிளவர் தழை, முள்ளங்கிக் கீரை, மக்காச்சோளத்தின் மேல் மட்டை, கொத்தமல்லிக் காம்பு.

"கேட்டா இன்னா? இல்லன்னுவான். வாய் தேஞ்சா பூடும்?" என்பார்.

எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்ட அந்த வாய், தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்க மட்டும் வெட்கப்பட்டு மூடிக்கொண்டது. பொங்கலுக்கு அடுத்த வாரம் அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள். அவர் மறைத்தது யாருக்கும் தெரியவில்லை என்பது ஒரு பக்கம். எனக்குத் தெரியவில்லை என்பதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

அவர் எலி என்று சொன்னது எலி அல்ல, கினி பிக். மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனபோது ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் ஒரு சனிக்கிழமை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். பழுப்பும் வெள்ளையுமாக, வால் இல்லாமல், கைக்குள் அடங்குகிற உருண்டை. மகள் அதற்குப் பணியாரம் என்று பெயர் வைத்தாள். எனக்குப் பயம் வேறொன்றில் இருந்தது. வீடு பார்க்க வந்தபோதே, "நாய், பூன ஆகாது" என்று அக்கா சொல்லியிருந்தார். "இது நாயும் இல்ல, பூனையும் இல்லையே" என்று கணவர் சட்டம் பேசிவிட்டு ஞாயிறு மாலை பஸ் ஏறிவிட்டார். கூண்டை உள்ளறையில், துணி காயப்போடும் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கினி பிக்கை ஒளித்து வைக்க முடியாது. ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தமோ பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தமோ கேட்டால் அது விசிலடிக்கும். வீட்டுக்குள் ரெஃப்ரி நிற்பதுபோல் இருக்கும். இரண்டாவது வாரமே அக்கா மாடியேறி வந்தார்.

"உங்க வூட்ல யாரோ விசில் அடிக்கிறாங்க."

"குக்கர்க்கா."

"ஃப்ரிட்ஜ தொறந்தா குக்கர் அடிக்குமா?"

கீழே அவருடைய சமையலறைக்கு மேலேதான் எங்கள் ஃப்ரிட்ஜ். என் முகம் என்ன சொன்னதோ, நேராக உள்ளறைக்குப் போனார். கூண்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். கினி பிக் என்று பெயரைச் சொன்னேன். வேறு வீடு தேடுவதைப் பற்றி மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

"பன்னின்ற பேர வச்சிகினு எலி மாதிரி கீது. இது இன்னா துன்னும்?"

சொன்னேன். காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும், பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் மென்றுகொண்டே இருக்கும். மனிதர்களைப் போலவே அதற்கும் விட்டமின் சி உடம்பில் தானாக ஊறாது, அதனால் தினமும் கொய்யா, கொத்தமல்லி, குடைமிளகாய் என்று ஏதாவது வேண்டும். வெயில் ஆகாது. தனியாக இருந்தால் வாடிப்போகும், ஜோடி வேண்டும்.

"அதான் நான் கீறனே" என்றார் அக்கா.

அதோடு முடிந்தது. மறுநாள் முதல் நானும் மகளும் கிளம்பும்போது கூண்டு கீழே போகும். மாலையில் மேலே வரும். கீழ்வீடு குளிர்ச்சி. மே மாதத்தில் கரண்ட் போனால் தண்ணீர் பாட்டிலைப் பனிக்கட்டியாக்கித் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பார். பணியாரம் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அக்காவின் கணவர் வாசல் நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசாத மனிதர். மகன் வெளிநாட்டில். அந்த வீட்டில் பேச்சு முழுக்க அக்காவுடையதுதான், இப்போது பதிலுக்கு விசிலும்.

அக்கா கேட்டவற்றுக்கு அளவில்லை. முன்பின் தெரியாத ஒரு வீட்டின் மதிலுக்கு மேல் கொய்யாமரம் தெரிந்தது என்று காலிங்பெல் அடித்தார். ஜூஸ் கடையில் கேரட் நுனிகளைக் கேட்டார். மகளுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை, முன் பெஞ்சில் உட்கார வைக்கும்படி பள்ளியில் கேட்க வேண்டும் என்று நான் ஒரு பருவம் முழுவதும் மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வர நேரமாகும் என்று மகளை அழைத்துவரப் போனவர் பள்ளி வாசலில் வகுப்பாசிரியையைப் பார்த்து, "டீச்சர், புள்ளைக்கி எய்த்து தெரில. முன்னாடி ஒக்கார வச்சிட்டா இன்னா?" என்று கேட்டுவிட்டு வந்தார். மறுநாள் மகள் முன் பெஞ்சில் இருந்தாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. 'டீச்சர் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்' என்றுதான் ஓடியது.

உறவினர் வீட்டில் இரண்டாம் முறை சாதம் கேட்டால் மேசைக்கடியில் தொடையில் கிள்ளு விழும் வீட்டில் வளர்ந்தவள் நான். கேட்பதைவிடப் பட்டினி கிடப்பது மரியாதை என்று பழகிப்போயிருந்தது.

பிள்ளையார் கோயில் விஷயம் வந்தபோது நான் உள்ளே போகாமல் தெருவில் நின்றே பார்த்தேன். அறுகம்புல் பணியாரத்துக்கு உயிர். பிள்ளையாருக்கும். காலையில் சாமிக்குச் சாத்திய அறுகம்புல் மாலைகள் மாலையில் கழற்றப்பட்டுத் தூணோரம் குவிந்து கிடப்பதை அக்கா கவனித்திருந்தார். தீபாராதனை முடிந்து எல்லோரும் விபூதிக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கும்போது அவர் துணிப்பையை நீட்டினார்.

"சாமி, அந்தப் புல்லு காயத்தானே போது. எங்க வூட்டு எலிக்குக் குடுங்க."

"எலிக்கா?" என்றார் குருக்கள்.

"ஏன், இவரு வாகனம் தான அது. எசமான் துன்ன மிச்சத்த வேலக்காரன் துன்னா தப்பா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். குருக்களும் சிரித்தார். அன்று முதல் புல்மாலைகளைத் தனியாக ஒரு கூடையில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா நாரை அவிழ்த்து, பூ இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு, புல்லை அலசிப் போடுவார்.

விநாயகர் சதுர்த்தியன்று மட்டும் அவிழ்க்கவில்லை. வீட்டில் களிமண் பிள்ளையாருக்குக் குடை வைத்து, கொழுக்கட்டை படைத்து முடித்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. வாகனத்துக்கும் மரியாதை செய்ய வேண்டாமா? கூண்டைத் துடைத்துக் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்கு வாங்கியதில் மிஞ்சிய எருக்கம்பூ மாலையைக் கூண்டைச் சுற்றிக் கட்டினார். நாங்கள் கொழுக்கட்டைத் தட்டோடு இறங்கியபோது மகள் கைதட்டிச் சிரித்தாள். நான் போட்டோ எடுத்தேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆகாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அது எருக்கு அல்ல, பிள்ளையார் மாலை.

மதியம் கவரைச் சரசரக்கவைத்துப் பார்த்தார் அக்கா. விசில் வரவில்லை. மூலையில் முடியைச் சிலிர்த்துக்கொண்டு குவிந்து உட்கார்ந்திருந்தது. தாடை ஈரமாக இருந்தது. கம்பிக்கு உள்பக்கம் இருந்த பூக்கள் கடிபட்டிருந்தன.

நான் போனை எடுத்து, கால்நடை மருத்துவமனைகளின் எண்களைத் தேடினேன். பண்டிகை நாள், தொந்தரவு செய்கிறோமே என்று ஒவ்வோர் அழைப்பையும் "மன்னிச்சிடுங்க" என்றே ஆரம்பித்தேன். நாய் மட்டும்தான் பார்ப்போம் என்றார்கள். சிலர் எடுக்கவே இல்லை. மகள் அழத் தொடங்கியிருந்தாள். அக்கா கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எதிரில் வந்தவரை எல்லாம் நிறுத்தினார்.

"தம்பி, எலிக்கி வைத்தியம் பாக்கற டாக்டர் தெரியுமா?"

மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பைக்கில் வந்த ஒரு பையன், அவனுடைய முயலைக் காட்டும் இடம் மேடவாக்கம் போகிற வழியில் இருக்கிறது என்றான். ஆட்டோவில் போனோம். அங்கே ஒரு பெரிய லாப்ரடாருடன் உட்கார்ந்திருந்தவரிடம் அக்கா, "சார், உங்களுது நல்லா குந்திகினு கீது. இது பூடும்போல கீது. நாங்க முன்னாடி போவட்டா?" என்றார். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன சாப்பிட்டுது?" டாக்டர் இளம்பெண். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தயங்கினேன்.

"நான்தான் எருக்கம்பூ மாலை போட்டேன். மூஞ்சூறுக்கு மரியாத பண்ணலாம்னு" என்றார் அக்கா, எல்லோரும் கேட்க.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அக்காவும் சிரித்தார், கண் கலங்கியபடியே. கூசிப்போனது நான்தான். தப்பை இவ்வளவு சத்தமாகச் சொல்ல ஒரு மனுஷியால் எப்படி முடிகிறது என்று இருந்தது.

ஊசி போட்டார்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த உணவைக் கடைவாய் வழியாகக் கொடுக்கச் சொன்னார்கள். சாப்பிடாமல் விட்டால் இதன் குடல் நின்றுவிடும் என்றார் டாக்டர். பிறகு ஒன்று சொன்னார். "இந்த ஜீவன் நோய வெளிய காட்டாதும்மா. முடியற வரைக்கும் நல்லா இருக்கற மாதிரியே நடிக்கும். நமக்குத் தெரியறப்ப லேட் ஆகியிருக்கும். அதனால வாரத்துக்கு ஒருதடவ கிச்சன் தராசுல வச்சு எடை பாருங்க. எடைதான் பொய் சொல்லாது."

"ஏன் டாக்டர் மறைக்கிது?" என்று கேட்டார் அக்கா.

"காட்டுல உடம்பு முடியாததுதான் முதல்ல மாட்டும். அந்தப் பழக்கம்."

அக்கா பணியாரத்தின் காதை விரலால் தடவினார். "அதெல்லாம் இல்ல. அதுக்கு வெக்கமா இருக்கும்" என்றார்.

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மார்பில் கட்டி இருப்பது சித்திரை மாதத்திலேயே அக்காவுக்குத் தெரியும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம்.

பணியாரம் பிழைத்தது. இரண்டு நாள் கழித்துக் கவரின் சத்தத்துக்கு மெல்லிய விசில் வந்தபோது அக்கா கீழிருந்து கத்தி எங்களை இறங்கி வரவைத்தார். அந்த ஞாயிறு முதல் நான் எடை பார்க்க ஆரம்பித்தேன். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் கொத்தமல்லியைப் போட்டு, அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு வாரம் கொஞ்சம் குறைந்திருந்தது. பதறிப்போய் அந்த டாக்டருக்கு போன் செய்தேன். அவ்வளவு கவனம் எனக்கு.

அந்த மாதங்களில் என் கண் முன் நடந்தவற்றை இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அக்காவின் மோதிரம் நழுவாமலிருக்க அடியில் நூல் சுற்றியிருந்தது. வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. வீட்டில் நைட்டிக்கு மேல் போட்டுக்கொள்ளும் துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். தழைப்பையை இடது கையில் வாங்குவதை நிறுத்தினார். மாடியேறுவதை விட்டுவிட்டு, கீழிருந்தே குரல் கொடுத்தார். "எளைச்சிட்டீங்கக்கா" என்று ஒருநாள் சொல்லவும் செய்தேன். "சக்கரையா இருக்கும்" என்றார். அவருடைய சங்கடத்தைக் கிளறக் கூடாது என்று விட்டுவிட்டேன். மரியாதை என்று நினைத்தேன்.

மார்கழியில் வலி தாங்க முடியாமல் போய்த்தான் கணவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் கட்டி உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது போர்வைக்குள் அவர் இருக்கிற இடமே தெரியவில்லை. "ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"போய் எப்டிமா காட்றது? ஆம்பள டாக்டரா இருந்தா?" என்றார், சுவரைப் பார்த்தபடி. காலிங்பெல் அடித்துக் கொய்யா கேட்டவர்.

கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்தார். எனக்குத் தெரிந்து தனக்காக அவர் கேட்டது அது ஒன்றுதான். "அத ஒருவாட்டி எட்த்தாந்து காட்றியா?"

ஆஸ்பத்திரிக்குள் கினி பிக்கைக் கொண்டுபோவதா? நர்ஸின் மேசைக்கு முன் போய் நின்று, திரும்பி வந்து, மறுபடியும் போய் நின்றேன். என்ன வேண்டும் என்று அவரே கேட்டார். சொல்லும்போது காதெல்லாம் சூடாக இருந்தது. அந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "வார்டுக்குள்ள கூடாது. வண்டி நிறுத்தற இடத்துல வேப்பமரம் இருக்குல்ல, அங்க கொண்டு வாங்க. நான் வீல்சேர்ல அனுப்பறேன்" என்றார். அவ்வளவுதான். கேட்டவுடன் கிடைத்தது.

ஞாயிறு மதியம் நானும் மகளும் காய்கறிக் கூடையில் துண்டு விரித்து அதைக் கொண்டுபோனோம். அக்காவை அவர் கணவர் தள்ளிக்கொண்டு வந்தார். மடியில் வைத்ததும் பணியாரம் அவருடைய துண்டை முகர்ந்து, உள்ளே நுழைந்துகொண்டது. அக்கா அங்கே போன ஆஸ்பத்திரிப் பணியாளரை நிறுத்தினார். "தம்பி, கேன்டீன்ல கொத்தமல்லிக் காம்பு கெடக்கும். கேட்டு எட்த்துனு வரியா?" குரலில் காற்றுதான் இருந்தது. அவர் கொண்டுவந்து கொடுத்தார்.

அது தின்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எட பாத்தியா? எளைச்சிக்கீதா?"

"இல்லக்கா. போன வாரத்தவிட கூடியிருக்கு" என்றேன், பெருமையாகவே.

"பர்வால்ல. நல்லாதான் பாத்துக்கற." சிரித்தார். "என்னியும் ஒருநாளு அந்தத் தராசுல தூக்கி வச்சிருக்கலாம்ல?"

கேலிதான். வழக்கமான அவருடைய கேலி. நானும் சிரிக்க முயன்றேன். அவர் கணவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவின் காரியம் முடிந்து வந்த ஞாயிறு, பணியாரத்தின் எடையைப் பார்த்து முடித்ததும் மகள் அறைக்குள் போய், கட்டிலுக்கடியில் கிடந்த மனிதர்கள் ஏறி நிற்கும் எடை மெஷினை இழுத்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வைத்தாள். ஏறினேன். பிறகு அவள் ஏறினாள். இப்போது அது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகிவிட்டது.

போன ஞாயிறு அவள் ஜன்னல் வழியாகக் கீழே வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா சட்டை தோள்ல தொங்குதும்மா."

"வயசாகுதுல்ல."

"சாப்பிடறாராம்மா? யாராவது கேட்டாங்களா?"

அந்த வீட்டில் கேட்கிறவர் ஒருவர்தான் இருந்தார். மெஷினைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் கோலம் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பாதிப் படியில் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஒரு மனிதரிடம் போய், அதுவும் மனைவியைப் பறிகொடுத்தவரிடம், இதை என்னவென்று சொல்லிக் கேட்பது? அவர் வாசல் நாற்காலியில் இருந்தார். மடியில் செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"இன்னாமா இது?"

இதுவரை அவரை சார் என்றுதான் அழைத்திருக்கிறேன். "அண்ணா, இதுமேல கொஞ்சம் ஏறி நிக்கறீங்களா?" என்றேன்.

மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாடி ஜன்னலில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார்.

"கண்ணாடி உள்ள கீதும்மா" என்றார். "எனக்கு நம்பர் தெரில. நீயே பாத்து சொல்லு."

நான் அவர் காலடியில் குனிந்து பார்த்தேன்.